‘எனக்கு ராசி இல்லை’ என்கிறான் தம்பி, என்ன பதில் சொல்வது?

மழைத்துளி:

கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுமையாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள். என் தம்பி ஒரு போட்டித் தேர்வை மூன்று முறை எழுதிவிட்டான். முதல் முறை 11 மதிப்பெண்ணில் தவறியது. அடுத்த முறை 4. இந்த முறை வெறும் 2. முடிவு வந்த நாளிலிருந்து புத்தகத்தைத் தொடவே இல்லை. திட்டினாலாவது சண்டைக்கு வருவான் என்று பார்த்தால் அதுவும் இல்லை, "அக்கா, படிக்க வேண்டியதை எல்லாம் படிச்சாச்சு, எனக்குக் கொடுப்பினை இல்லை, நேரம் வந்தா தானா வரும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறான்.

அவனை உடைத்தது தோல்வி மட்டும் இல்லை. அவனோடு படித்த இன்னொரு பையன், பாதி நாள் சுற்றித் திரிந்தவன், முதல் முறையிலேயே தேறிவிட்டான். அதைப் பார்த்த பிறகுதான் இவன் ராசியான தேதி, ராசியான எண் என்று தேட ஆரம்பித்தான். அடுத்த தேர்வுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறான், ஆனால் படிக்கவில்லை. வந்தால் வரட்டும் என்கிறான்.

நான் வழக்கமாகச் சொல்வதைத்தான் சொன்னேன், உழைத்தால் கட்டாயம் கிடைக்கும் என்று. "மூணு வருஷம் உழைச்சேனே, கிடைச்சதா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டான். எனக்கு வாய் அடைத்துப் போனது. உழைப்பின் மேல் எனக்கு முழு நம்பிக்கை உண்டு, ஆனால் அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் என்ன என்று தெரியாமல்தான் இங்கே வந்திருக்கிறேன். ஆறுதல் சொல்ல வீட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பதில் சொல்லத்தான் ஆள் இல்லை.

பட்டறைக்காரன்:

11, 4, 2. இந்த மூன்று எண்ணையும் ஒரு தாளில் பெரிதாக எழுதி, அவன் படுத்திருக்கும் இடத்துக்கு எதிரே ஒட்டுங்கம்மா. மற்றதை ராத்திரி வேலை முடிந்து வந்து எழுதுகிறேன்.

வடதிசை:

முதலில் "உழைத்தால் கட்டாயம் கிடைக்கும்" என்பதைச் சொல்லாதீர்கள். அது உண்மை இல்லை, உண்மை இல்லை என்று உங்கள் தம்பிக்கு இப்போது தெரியும், அதனால் அடுத்து நீங்கள் சொல்லும் நல்ல விஷயத்தையும் அவன் நம்ப மாட்டான்.

அதிர்ஷ்டம் இருக்கிறது. சின்ன அளவில் இல்லை, பெரிய அளவில் இருக்கிறது. 2006-ல் சால்கனிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற மூவர் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். இணையத்தில் 14,000-க்கும் மேற்பட்டவர்களிடம், அவ்வளவாக யாரும் அறியாத குழுக்களின் 48 பாடல்களைக் கொடுத்து, பிடித்ததைப் பதிவிறக்கிக்கொள்ளச் சொன்னார்கள். ஒரு பகுதியினருக்கு மற்றவர்கள் எதை எடுத்தார்கள் என்பது தெரியாது. மீதிப் பேரை எட்டுத் தனித்தனிக் கூட்டங்களாகப் பிரித்து, அந்தந்தக் கூட்டத்துக்குள் எந்தப் பாட்டு எத்தனை முறை எடுக்கப்பட்டது என்பதை மட்டும் காட்டினார்கள். அதே 48 பாட்டுதான், ஆனால் ஒரு கூட்டத்தில் கொடிகட்டிப் பறந்தது இன்னொரு கூட்டத்தில் தேடுவாரற்றுக் கிடந்தது. தொடக்கத்தில் யாரோ சிலர் எதை எடுத்தார்கள் என்பதே பெரிதாக வளர்ந்து முடிவை மாற்றிவிட்டது.

இன்னொன்று. 1985-ல் பார்ன்ஸ்லி என்பவரும் உடன் ஆய்வு செய்தவர்களும் கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த மாதத்தைப் பார்த்தார்கள். ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் கடைசி மூன்று மாதங்களில் பிறந்தவர்களைவிட மிக அதிகம். காரணம், சிறுவர் அணிக்கு வயதை ஜனவரி 1-ஐ வைத்துக் கணக்கிடுகிறார்கள். ஜனவரியில் பிறந்த பையன் அதே ஆண்டு டிசம்பரில் பிறந்தவனைவிட ஏறக்குறைய ஒரு வயது பெரியவன், உடம்பில் பலம் கூட, அதனால் தேர்வாகிறான், நல்ல பயிற்சி கிடைக்கிறது, பிறகு உண்மையிலேயே திறமைசாலி ஆகிவிடுகிறான். பிறந்த மாதத்துக்கு அவன் என்ன உழைத்தான்?

தோற்றவனைப் பார்த்து "நீ போதுமான அளவு உழைக்கவில்லை" என்று சொல்லும் கூட்டத்தை நான் நிறையப் பார்த்துவிட்டேன். உங்கள் தம்பியிடம் அதை மட்டும் செய்யாதீர்கள்.

எண்கணக்கு:

வடதிசை சொன்ன ஆய்வின் இன்னொரு பாதியும் இருக்கிறது, அதையும் சேர்த்தால்தான் படம் முழுமையாகும். ரொம்ப நல்ல பாட்டு அடிமட்டத்துக்குப் போனது அரிது, ரொம்ப மோசமான பாட்டு மேலே வந்ததும் அரிது. நடுவில் இருந்தவற்றுக்குத்தான் எது வேண்டுமானாலும் நடந்தது. அதிர்ஷ்டம் எங்கே அதிகமாக விளையாடுகிறது என்பதை இது காட்டுகிறது, நடுவில்.

இதைத் தேர்வுக்குக் கொண்டு வாருங்கள். எந்தத் தேர்விலும் ஒருவருடைய உண்மையான தயாரிப்புக்கும் அன்று விழும் மதிப்பெண்ணுக்கும் இடையே ஒரு ஊசலாட்டம் இருக்கும். அன்று தலைவலி, தெரிந்த பாடத்திலிருந்து இரண்டு கேள்வி கூட வந்தது, ஊகித்துப் போட்ட விடை சரியாகிவிட்டது, இப்படி. அந்த ஊசலாட்டம் இந்தப் பக்கம் 5, அந்தப் பக்கம் 5 என்று வைத்துக்கொள்வோம். கட் ஆஃப் கோட்டின் மேலேயே நிற்பவனுக்கு அந்த 5-தான் தலையெழுத்து. கோட்டுக்கு 15 மேலே நிற்கும் அளவுக்குத் தயாரானவனுக்கு? அன்று எல்லாமே தப்பாகப் போனாலும் 10 மேலே இருப்பான். அவனுக்கும் அதே தலைவலி, அதே கேள்வித்தாள். ஆனால் துரதிர்ஷ்டத்தின் கை அவனை எட்டவில்லை.

உங்கள் தம்பியின் கேள்விக்கு என்னால் முடிந்த நேர்மையான பதில் இதுதான்: "நீ உழைத்தாய், அந்த உழைப்பு உன்னைக் கோடு வரை கொண்டு வந்தது. கோட்டில் நிற்பவனுக்கு ராசி வேண்டும். கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் தூரம் போய்விட்டால் வேண்டாம்."

அந்த இன்னொரு பையன் கோட்டில் நின்று 5 மதிப்பெண் ஊசலாட்டத்தில் உள்ளே விழுந்திருக்கலாம். இல்லை, நீங்கள் பார்க்காத நேரத்தில் படித்திருக்கலாம். எப்படி இருந்தாலும் அவனிடமிருந்து கற்றுக்கொள்ள எதுவும் இல்லை.

பட்டறைக்காரன் ஐயா சொன்ன 11, 4, 2 பற்றி ஒரு எச்சரிக்கை. கட் ஆஃப் ஆண்டுக்கு ஆண்டு மாறும், மூன்று புள்ளிகளை வைத்துக் கோடு இழுக்காதீர்கள் என்று என் மாணவர்களிடம் சொல்பவன் நான். ஆனாலும் அதை ஒட்டச் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. அவன் தரை மட்டத்திலிருந்து தொடங்கவில்லை என்பதையாவது அது சொல்லும்.

மழைத்துளி:

எண்கணக்கு, "கோட்டில் நிற்பவனுக்கு ராசி வேண்டும்" என்பதை இரண்டு முறை படித்தேன். நன்றி. வடதிசை, நீங்கள் சொன்னது குத்தியது, ஆனால் குத்த வேண்டியதுதான், நான் அப்படித்தான் பேசியிருக்கிறேன்.

திரும்பி வந்தவன்:

நான் ஆறு வருடம் சூதாடியவன். பணம் போன கதையை எழுத வரவில்லை, அந்த 2 மதிப்பெண்ணைப் பற்றி எழுத வந்தேன்.

சூதில் எங்களை விடாமல் பிடித்து வைத்தது ஜெயிப்பு இல்லை. மயிரிழையில் தவறுவதுதான். லாட்டரிக் குலுக்கலில் ஐந்து எண் பொருந்தி ஆறாவது மட்டும் ஒன்று தள்ளி வந்தால், அன்று ராத்திரி தூக்கம் வராது, நெருங்கிவிட்டோம் அடுத்தது நமக்குத்தான் என்று மனம் அடித்துச் சொல்லும். அது சுத்தப் பொய். குலுக்கலுக்கு நான் நெருங்கியது தெரியாது. அடுத்த முறை என் வாய்ப்பு முதல் நாள் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கும். 1913 ஆகஸ்டில் மொனாக்கோ நாட்டு மாண்டே கார்லோவில், கறுப்பும் சிவப்புமாகக் கட்டங்கள் உள்ள ஒரு சூதாட்டச் சக்கரத்தில் தொடர்ந்து 26 முறை கறுப்பே வந்தது. சுற்றி நின்றவர்கள் இனிமேல் சிவப்புதான், சிவப்புதான் என்று மேலும் மேலும் வைத்துத் தொலைத்தார்கள். சக்கரத்துக்கு ஞாபகம் கிடையாது.

ஆனால் அக்கா, தேர்வுக்கு ஞாபகம் உண்டு. அதாவது தேர்வு எழுதுகிறவனுக்கு உண்டு. 2 மதிப்பெண்ணில் தவறியவன் அடுத்த முறை சுழியத்திலிருந்து தொடங்குவதில்லை, படித்தது தலையில் இருக்கிறது, எந்தப் பகுதியில் நேரம் போனது என்பது தெரியும். குலுக்கலில் மயிரிழையில் தவறுவது ஒன்றையுமே குறிக்காது. உழைத்துச் செய்யும் காரியத்தில் அது எவ்வளவோ சொல்லும். உங்கள் தம்பி இதைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறான். எதில் நெருங்கியதற்கு அர்த்தம் இருக்கிறதோ அதை விட்டுவிட்டு, எதில் அர்த்தமே இல்லையோ அந்த ராசி எண்ணைப் போய்ப் பிடித்திருக்கிறான். நானும் அதைத்தான் ஆறு வருடம் செய்தேன். அவனிடம் இதைச் சொல்லுங்கள், யார் சொன்னது என்றும் சொல்லுங்கள்.

எண்கணக்கு:

திரும்பி வந்தவன் எழுதியதற்குக் கீழே எண்களைப் போடுகிறேன். 49 எண்ணில் 6-ஐத் தேர்ந்தெடுக்கும் குலுக்கலில் மொத்தச் சேர்க்கைகள் 1,39,83,816. வாரம் இரண்டு சீட்டு வாங்கினால் ஆண்டுக்கு 104. எல்லாச் சேர்க்கைக்கும் ஒரு சீட்டு என்று கணக்குப் போட்டால் 1,34,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஒருவர் எவ்வளவு ஆசையாக வாங்கினாலும் ஒரு சீட்டின் வாய்ப்பு இம்மியும் கூடாது.

இப்போது வேறு வகைக் காரியம். ஒரு முயற்சி பலிக்க நூற்றுக்கு 5 வாய்ப்புதான் என்று வையுங்கள். கதை அனுப்புவது, வேலைக்கு விண்ணப்பிப்பது, எதுவாகவும் இருக்கட்டும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 முயற்சி செய்தால் ஒன்றாவது பலிக்கும் வாய்ப்பு 64 விழுக்காடு. முயற்சிக்கு முயற்சி கொஞ்சம் திருத்தி அந்த 5-ஐ 10 ஆக்கிக்கொண்டால் அதே 20 முயற்சியில் 88 விழுக்காடு. எத்தனை முறை, எவ்வளவு நன்றாக, இந்த இரண்டும் நம் கையில் இருக்கும் திருகுகள். குலுக்கலில் இரண்டாவது திருகே கிடையாது. கணித மேதை ராமானுஜன் 1913-ல் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு எழுதுவதற்கு முன்னால் அங்கேயே பேக்கர், ஹாப்சன் என்ற இரண்டு கணித அறிஞர்களுக்கு எழுதி ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது ஆள் படித்தது அதிர்ஷ்டம். படிப்பதற்கு அந்தத் தாள்களில் தேற்றங்கள் இருந்தனவே, அவை குறிப்பேடுகளில் ஆண்டுக்கணக்காகச் சேர்ந்தவை.

நூலகப்படி:

அதிர்ஷ்டத்தால் நடந்தது என்று உலகமே சொல்லும் ஒரு கதையை எடுத்துப் பார்க்கலாமா? பெனிசிலின். 1928 செப்டம்பரில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் விடுமுறை முடிந்து லண்டன் ஆய்வகத்துக்குத் திரும்புகிறார், பாக்டீரியா வளர்த்திருந்த ஒரு தட்டில் பூஞ்சை விழுந்திருக்கிறது, அதைச் சுற்றிப் பாக்டீரியா அழிந்திருக்கிறது. பள்ளிப் பாடத்தில் கதை இங்கேயே முடிந்துவிடும்.

ஆனால் பூஞ்சை பிடித்த தட்டு எந்த ஆய்வகத்திலும் சாதாரணம், கழுவிப் போடுவார்கள். அவர் ஏன் கழுவவில்லை? அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே, 1921 வாக்கில், மூக்குச் சளியிலும் கண்ணீரிலும் இருக்கும் லைசோசைம் என்ற பொருள் சில பாக்டீரியாக்களைக் கரைப்பதை அவர் கண்டுபிடித்திருந்தார். ஒரு பொருளைச் சுற்றிப் பாக்டீரியா மறைவது என்றால் என்ன என்று அந்தக் கண்ணுக்கு ஏற்கெனவே பழக்கம். உற்றுப் பார்க்கும் துறைகளில் தற்செயல் என்பது ஆயத்தமான மனதுக்குத்தான் துணை வரும் என்று பிரெஞ்சு அறிவியலாளர் லூயி பாஸ்டர் 1854-லேயே ஓர் உரையில் பேசியிருக்கிறார்.

அதைவிட முக்கியம் அடுத்த பகுதி. ஃபிளெமிங்கால் அதைச் சுத்தமாகப் பிரித்தெடுக்க முடியவில்லை. பத்து ஆண்டு அது கட்டுரையாகவே கிடந்தது. 1939-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஹோவர்ட் ஃபுளோரி, எர்ன்ஸ்ட் செயின், நார்மன் ஹீட்லி இவர்கள் இறங்கினார்கள். போர்க்காலம், எதுவும் கிடைக்காது. பூஞ்சை வளர்க்கப் பாத்திரம் இல்லாமல் நோயாளிகளின் மலத்தட்டுகளைக்கூடப் பயன்படுத்தினார்கள். 1940 மே 25 அன்று எட்டு எலிகளுக்குக் கொல்லும் அளவு கிருமியைச் செலுத்தி நான்குக்கு மட்டும் மருந்து கொடுத்தார்கள், ஹீட்லி நடுராத்திரி தாண்டியும் பக்கத்திலேயே இருந்தார், விடிவதற்குள் மருந்து கொடுக்காத நான்கும் செத்துவிட்டன. 1941 பிப்ரவரியில் ஒரு காவலருக்கு முதன்முதலாகச் சிகிச்சை. நன்றாகத் தேறி வந்தார். மருந்து போதவில்லை. அவர் சிறுநீரிலிருந்தே பெனிசிலினைத் திரும்பப் பிரித்தெடுத்து அவருக்கே ஏற்றினார்கள். அப்படியும் தீர்ந்துபோனது, மார்ச்சில் அவர் இறந்துவிட்டார்.

அந்தக் காவலரின் மரணத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். ஒரு மனிதர் கண்முன்னே பிழைத்து வந்து, கையில் இருந்தது தீர்ந்ததால் போனார். "நமக்குக் கொடுப்பினை இல்லை" என்று அவர்கள் கலைந்து போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்களோ அதிகமாகத் தயாரிக்கும் வழியைத் தேடி அந்த ஆண்டே அமெரிக்காவுக்குப் போனார்கள். பூஞ்சை தட்டில் விழுந்தது ஒரு நொடி. மீதி எல்லாம் கை வேலை.

வடதிசை:

நூலகப்படி, அருமையாக எழுதினீர்கள், ஆனால் உங்கள் கதையிலேயே என் பக்க நியாயமும் இருக்கிறது. 1945 நோபல் பரிசு ஃபிளெமிங், ஃபுளோரி, செயின் மூவருக்கும் போனது. அந்த ராத்திரி விழித்திருந்த ஹீட்லிக்கு இல்லை. அவர் உழைப்பு குறைவா?

ரப்பரைக் கெட்டிப்படுத்தும் முறையைக் கண்டுபிடித்த சார்லஸ் குட்இயரையும் பாருங்கள். கந்தகம் கலந்த ரப்பர் தற்செயலாகச் சூடுபட்டதில் 1839-ல் வழி தெரிந்தது, அதற்கு முன்னால் ஐந்து ஆண்டுகள் வறுமையில் ரப்பரோடு மல்லுக்கட்டியிருந்தார். 1844-ல் காப்புரிமை. 1860-ல் பெருங்கடனோடு செத்தார். பொருள் கிடைத்தது, பலன் கிடைக்கவில்லை. உழைப்பை மதிக்கிறேன், அதனால்தான் அதை ஒரு விற்பனை ஒப்பந்தம்போல, இவ்வளவு போட்டால் இவ்வளவு வரும் என்று, பேசுவது எனக்கு வலிக்கிறது.

பழைய தமிழாசிரியர்:

பிள்ளைகளே, இந்தச் சண்டை வள்ளுவருக்குள்ளேயே இருக்கிறது. 38-ஆம் அதிகாரம் ஊழ். அதன் கடைசிக் குறளில் (380) ஊழைவிட வலியது எது, அதை விலக்க வேறு வழி தேடினாலும் அதுவே முந்திக்கொண்டு நிற்கும் என்கிறார். 62-ஆம் அதிகாரம் ஆள்வினை உடைமை. அதன் கடைசிக் குறளில் (620) தளராமல் முயல்கிறவர்கள் அந்த ஊழையே புறமுதுகு காட்ட வைப்பார்கள் என்கிறார். முப்பது ஆண்டு வகுப்பில் இதை வைத்து மாணவர்கள் என்னை மடக்குவார்கள், எது சரி ஐயா என்று.

நான் எப்போதும் 618-ஐக் காட்டுவேன். "பொறியின்மை யார்க்கும் பழியன்று." பொறி என்றால் இங்கே நல்லூழ் என்றும் பொருள் கொள்வார்கள். அது வாய்க்காதது யாருக்கும் பழி இல்லை, அறிய வேண்டியதை அறிந்து முயலாமல் இருப்பதுதான் பழி. வடதிசையின் கோபத்துக்கு முதல் அடியில் பதில் இருக்கிறது, மழைத்துளியின் தவிப்புக்கு இரண்டாவது அடியில் இருக்கிறது. அடுத்த குறளில் வருகிற "மெய்வருத்தக் கூலி" என்ற சொல்லையும் கவனியுங்கள். கூலி என்றார், பரிசு என்று சொல்லவில்லை. ஹீட்லிக்குப் பரிசு கிடைக்கவில்லை. அவர் உடம்பை வருத்தியதற்குக் கூலியாக அந்த மருந்து கிடைத்தது.

வடதிசை:

ஐயா, இந்தக் கோணத்தில் நான் படித்ததில்லை. ஒத்துக்கொள்கிறேன்.

பட்டறைக்காரன்:

சொன்னபடி வந்துவிட்டேன். நான் இரும்பைக் கடையும் லேத் இயந்திரம் ஓட்டுகிறவன், இருபத்தாறு வருடம். பெரிய ஆய்வெல்லாம் தெரியாது, ஆனால் "நல்லா உழைச்சேன்" என்ற வார்த்தை எப்படி ஏமாற்றும் என்பது தெரியும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் எல்லோருக்கும் முன்னால் வருவேன், கடைசியில் போவேன். ஆனாலும் பத்து ஜாப்பில், அதாவது கடைந்தெடுக்கும் பத்து இரும்புத் துண்டில், மூன்றுக்கு அளவு தப்பும். என்னோடு சேர்ந்தவன் பேசிக்கொண்டே செய்வான், அவனுக்குத் தப்பாது. எனக்குக் கை ராசி இல்லை என்று வீட்டில் அழுதிருக்கிறேன். என் மேஸ்திரி ஒருநாள் ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்து வைத்து, இனிமேல் கெட்டுப்போன எதையும் கழிவுக் கூடையில் போடாதே, இதில் போடு, ஒவ்வொன்றிலும் ஏன் கெட்டது என்று சீட்டு எழுதிக் கட்டு என்றார். "கை சரியில்லை", "நேரம் சரியில்லை" என்று எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுவார். இரும்புக்கு நடந்ததை எழுது என்பார்.

ஒரு மாதம் கழித்து டப்பாவைக் கொட்டினோம். முக்கால்வாசிச் சீட்டில் ஒரே விஷயம்தான் இருந்தது. ஜாப் சூடாக இருக்கும்போதே மைக்ரோமீட்டர் வைத்து அளந்திருக்கிறேன். சூட்டில் இரும்பு விரிந்திருக்கும், அளவு சரி என்று கழற்றிவிடுவேன், ஆறினதும் சுருங்கி அளவு குறைந்துவிடும். அவ்வளவுதான். என் அவசரத்தில், சீக்கிரம் முடித்து நிறையச் செய்ய வேண்டும் என்ற என் உழைப்பிலேயே அந்தத் தப்பு இருந்தது! பேசிக்கொண்டே செய்தவன் பேசுகிற நேரத்தில் ஜாப் ஆறிவிடும், அதனால் அவனுக்குத் தப்பவில்லை. அவனுக்கே அது தெரியாது. அதை நான் அவன் ராசி என்று நினைத்துப் பொறாமைப்பட்டேன்.

அதனால் தம்பியிடம் எத்தனை மணி நேரம் படித்தாய் என்று கேட்காதீர்கள், அதில் அவன் உங்களை ஜெயித்துவிடுவான். தவறிய கேள்விகளின் டப்பா எங்கே என்று கேளுங்கள்.

இசைப்பள்ளி:

வயலின் கற்றுக்கொடுக்கிறேன், அதனால் மேலே உள்ளதோடு ஒன்று சேர்க்கிறேன். பத்தாயிரம் மணி நேரம் பயிற்சி செய்தால் எதிலும் தேர்ந்துவிடலாம் என்ற பேச்சு 1993-ல் எரிக்சனும் மற்றவர்களும் பெர்லின் வயலின் மாணவர்களை வைத்துச் செய்த ஆய்விலிருந்து பரவியது. 2014-ல் மக்நமாராவும் மற்றவர்களும் இப்படிப்பட்ட பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆட்களுக்கிடையே உள்ள திறன் வேறுபாட்டில் பயிற்சி விளக்கியது இசையில் 21 விழுக்காடு, சதுரங்கம் போன்ற ஆட்டங்களில் 26, கல்வியில் 4 மட்டுமே. மணிக்கணக்கை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் ஏமாந்துபோவோம் என்று நான் புரிந்துகொண்டேன். ஒரே தப்பை ஆயிரம் முறை வாசிக்கும் மாணவர்கள் என்னிடம் இருக்கிறார்கள், அவர்களுக்கு அந்தத் தப்பு நன்றாகப் பழகிவிடுகிறது.

ஆய்வகத்துப் பெண்:

ஒரே ஒரு பெயர் சொல்லிவிட்டுப் போகிறேன், கட்டலின் கரிகோ. எம்ஆர்என்ஏ, அதாவது எந்தப் புரதத்தைச் செய்ய வேண்டும் என்று உடலின் செல்லுக்குச் சொல்லும் மூலக்கூறு, அதைப் பற்றி ஆராய நிதி கேட்டுக் கேட்டு மறுக்கப்பட்டு 1995-ல் பதவி இறக்கப்பட்ட விஞ்ஞானி. 1997 வாக்கில் நகலெடுக்கும் இயந்திரத்தின் அருகில் தற்செயலாக ட்ரூ வைஸ்மன் என்ற இன்னொரு விஞ்ஞானியைச் சந்தித்தார். 2005-ல் இருவரும் வெளியிட்ட கட்டுரையை அப்போது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 2020-ல் அதன் அடிப்படையில் கோவிட் தடுப்பூசி. 2023-ல் நோபல். இயந்திரத்தருகே சந்தித்தது அதிர்ஷ்டமேதான், மறுக்க மாட்டேன். ஆனால் 1995-லேயே அவர் போயிருந்தால் அந்த இயந்திரத்தின் அருகில் நகலெடுத்துக்கொண்டிருக்க ஆள் இருந்திருக்காது.

கரையோரம்:

இதைக் கேட்க யாருமில்லை போலிருக்கிறது, நான் கேட்கிறேன். மூன்று வருடம் போதாதா? எங்கே நிறுத்துவது? நான் ஐந்து வருடம் எழுதிவிட்டு விட்டேன், வேறு வேலையில் நன்றாக இருக்கிறேன். ஆனாலும் உழைப்பைப் பற்றி யாராவது பேசினால், நான் ஏதோ தப்பு செய்தவன்போல் தோன்றுகிறது.

எண்கணக்கு:

நீங்கள் எந்தத் தப்பும் செய்யவில்லை. ஒரு கதவை விட்டு வேறு கதவுக்குப் போனவர் உழைப்பை விட்டவர் ஆகமாட்டார், அதே கைதான் அங்கேயும் வேலை செய்கிறது. நான் சொல்வது ஒன்றுதான். இன்னும் எத்தனை முறை என்பதைத் தேர்வுக்கு முன்பே, மனம் தெளிவாக இருக்கும்போது முடிவு செய்துகொள்ள வேண்டும். முடிவு வந்த ராத்திரியில் எடுக்கும் தீர்மானம், விடுவதாக இருந்தாலும் தொடர்வதாக இருந்தாலும், வலிதான் எடுக்கிறது. மழைத்துளியின் தம்பி விட்டுவிட்டேன் என்று சொல்லி வேறு வேலைக்குப் போயிருந்தால் எனக்குக் கவலை இல்லை. விண்ணப்பத்தைப் போட்டுவிட்டுப் படிக்காமல் காத்திருக்கிறானே, அதுதான் கவலை.

மழைத்துளி:

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். தாளை ஒட்டினேன். முதல் நாள் பார்த்துவிட்டுக் கிழித்துப் போட்டான். திரும்ப ஒட்டினேன். திரும்பி வந்தவன் எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன், யார் எழுதியது என்றும் சொன்னேன். வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை.

அப்புறம் அவனே மூன்று வருடத்துக் கேள்வித்தாளையும் எடுத்துக்கொண்டு வந்தான். ராத்திரி முழுக்க இரண்டு பேரும் தரையில் பரப்பி வைத்து உட்கார்ந்தோம். தெரியாமல் தவறவிட்டது குறைவு. மூன்று முறையும் கடைசிப் பகுதியில் பன்னிரண்டு, பதின்மூன்று கேள்வியை அவன் படிக்கவே இல்லை, நேரம் இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒன்றைக் குறித்திருக்கிறான். மூன்று வருடமும் அதே இடம்! முதல் பகுதியில் கடினமான இரண்டு கணக்கை விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், அங்கேதான் நேரம் போயிருக்கிறது. ராசியான எண் எழுதி வைத்திருந்த தாளின் பின்பக்கத்தில்தான் இதை எல்லாம் குறித்தோம், வேறு தாள் கைக்கு எட்டவில்லை.

இன்னும் இரண்டு முறை, அதற்கு மேல் வேறு வழி பார்க்கலாம் என்று அவனே சொன்னான். கரையோரம், நீங்கள் கேட்டதால்தான் அந்தப் பேச்சை எடுக்க எனக்குத் தைரியம் வந்தது.

பட்டறைக்காரன் ஐயா, அந்த டப்பாவைத் தேர்வுக்கு எப்படி மாற்றுவது? நோட்டில் என்னென்ன கட்டம் போட வேண்டும்?

பட்டறைக்காரன்:

மூன்று கட்டம் போதும்மா. எந்தக் கேள்வி, எத்தனை நிமிடம் எடுத்தது, ஏன் தவறியது. மூன்றாவது கட்டத்தில் "கவனக்குறைவு" என்று எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அதுவும் "நேரம் சரியில்லை" மாதிரிதான். எந்த வரியைப் படிக்காமல் விட்டான், எந்தக் குறியை மாற்றிப் போட்டான் என்று எழுதச் சொல்லுங்கள். நாலாவது கட்டம் போடாதீர்கள், நிரப்ப மாட்டான். ஒரு மாதம் கழித்து நோட்டை எடுத்துக்கொண்டு இங்கே வாருங்கள், எண்கணக்கு சாரும் இருப்பார், சேர்ந்து பார்ப்போம்.